அந்த அப்பா பட்டிக்காட்டான் அல்லர்

உங்கள் கேள்வியைப் பிறரும் விளங்கிக்கொள்வதற்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1950களின் அமெரிக்க நகரம் ஒன்றில் நடக்கும் சிறுகதையொன்றை நீங்கள் தமிழாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் பதினாறு வயதுப் பையன் ஒருவன், வங்கியில் வேலை பார்க்கும் தன் தகப்பனை ‘ஸ்குவேர்’ (square), அதாவது புதுப்பாணி தெரியாத பழைய ஒழுங்குக்காரர், என்று நண்பர்களிடம் சொல்கிறான். கதை முடியும் இடத்தில் அதே சொல்லைத் தாய் வேறொரு பொருளில் எடுத்து மகனுக்குத் திருப்பிச் சொல்கிறாள். நீங்கள் இப்போதைக்குப் ‘பட்டிக்காட்டான்’ என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அது பொருந்துமா என்றும், மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இத்தகைய மனிதருக்கு வழங்கும் சொற்கள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. அந்தத் தகப்பன் நகரத்தில் பிறந்து வளர்ந்தவர், சப்பாத்தைப் பளபளப்பாகத் துடைத்து அணிபவர், எட்டு மணிக்கு வேலைக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்புபவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பட்டிக்காட்டான் என்று சொன்னால், பையன் எதைக் கேலி செய்கிறான் என்பதே தமிழ் வாசகருக்குத் தலைகீழாகிவிடும். ஏன் என்று விளக்க, அந்த ஆங்கிலச் சொல்லின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘ஸ்குவேர்’ என்பது தொடக்கத்தில் வசைச்சொல் அன்று. நான்கு மூலையும் நேராக அமைந்த சதுரம் என்ற பொருளிலிருந்து நேர்மை, ஒழுங்கு, கடனில்லாமல் கணக்கைத் தீர்த்தல் ஆகிய நல்ல பொருள்களே அதற்குக் கிளைத்தன. அவை இன்றும் ஆங்கிலத்தில் உயிரோடு இருக்கின்றன. சதுர முனைச் சப்பாத்து வழக்கொழிந்த பிறகும் பழைய பாணியைக் கைவிடாத முதியவர்களைச் சதுரமுனைக்காரர் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே கேலி செய்த வழக்கும் உண்டு. ஆனால் உங்கள் கதைப் பையன் பயன்படுத்தும் பொருள் 1940களில் ஜாஸ் இசைக்காரரின் பேச்சிலிருந்து பரவியது. தங்கள் இசையையும் நடையையும் விளங்கிக்கொள்ளாத, அலுவலகம், வீடு, தேவாலயம் என்று கோடு போட்ட வழியில் நடக்கிற மனிதரை அவர்கள் அப்படி அழைத்தார்கள். அந்த இசையை உருவாக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள் என்பதையும், அந்நாட்டின் மரியாதைக்குரிய சமூகம் அவர்களைத் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். வெளியே நிறுத்தப்பட்டவன் உள்ளே இருப்பவனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. அதைப் பிறகு வெள்ளை இளைஞர்களும் எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டுப் பெரியவர்கள் மேல் எறிந்தார்கள். உங்கள் பையன் அந்த இரண்டாம் வரிசையைச் சேர்ந்தவன்.

இத்தகைய சொற்கள் எவ்வளவு விரைவாகப் பழசாகும் என்பதற்கும் அந்தக் காலமே சான்று. புதுப்பாணி அறிந்தவனைக் குறிக்க முதலில் ‘ஹெப்’ என்றார்கள். சில ஆண்டுகளில் ‘ஹிப்’ என்பதே சரியான உச்சரிப்பு என்றாகி, ‘ஹெப்’ என்று சொல்பவனே பாணி தெரியாதவன் ஆகிவிட்டான். 1951இல் ஓர் அமெரிக்க வார இதழ், டெட்ராயிட் நகர இளைஞர்கள் இப்போது ‘ஸ்குவேர்’ என்பதற்குப் பதிலாக ‘நேர்ட்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டதாகச் செய்தி வெளியிட்டது. ஆகவே உங்கள் கதை 1950களின் இறுதியில் நடக்கிறதென்றால், அந்தப் பையன் சொல்லும் சொல்லுக்கே அப்போது பத்து, பதினைந்து வயது ஆகியிருக்கும்.

இனிப் பட்டிக்காட்டான் என்ற சொல்லுக்கு வருகிறேன். அது எதிர்த்திசையில் எறியப்படுவது. பட்டணத்தில் இருப்பவன் கிராமத்தானைப் பார்த்து, படித்தவன் படிக்காதவனைப் பார்த்து, சப்பாத்துப் போட்டவன் வெறுங்காலனைப் பார்த்துச் சொல்வது. இது தமிழுக்கு மட்டும் உரிய பழக்கமும் அன்று. நம் சினிமாவில் கதாநாயகனோடு மோதும் ‘வில்லன்’ என்ற சொல், இலத்தீனில் பண்ணையில் வேலை செய்த நாட்டுப்புறத்தானைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. உழுதவன் முரடனாகி, முரடன் கெட்டவனாகியிருக்கிறான். சிங்களத்தில் ‘கொடயா’ என்பதும் நாட்டுப்புறத்தானைத்தான் சுட்டுகிறது. கொழும்பில் வேலைக்குப் போய் வந்த நம் ஆட்களில் சிலர் அதையும் வாயில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

பழந்தமிழில் நிலைமை வேறாக இருந்தது என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி. சங்கப் பாடல்களில் குறிஞ்சித் தலைவன் நாடன்; மருதத் தலைவன் ஊரன். இரண்டும் சிறப்புப் பெயர்கள். அதே நாட்டையும் ஊரையும் வைத்துக்கொண்டு பின்னால் வந்தவர்கள் நாட்டான் என்றும் நாட்டுப்புறம் என்றும் இளக்காரச் சொற்களைச் செய்துகொண்டார்கள். நாகரிகம் என்ற சொல் நகரத்தோடு தொடர்புடையது என்பது தெரிந்ததே; ஆனால் திருக்குறளில் ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர் நயத்தக்க நாகரிகம் வேண்டு பவர்’ என்று கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில் வரும்போது, அது உடையையோ நடையையோ பற்றிய பேச்சே அன்று. பழகியவர் நஞ்சையே ஊற்றக் கண்டும் முகம் முறியாமல் உண்டு அமைகிற கனிவுதான் அங்கே நாகரிகம்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பட்டணம், பட்டிக்காடு என்ற பிரிவுக்கு வாவியே எல்லையாக இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள ஊர்கள் சூரியன் எழும் பக்கம் என்பதால் எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாக விரியும் ஊர்கள் படும் பக்கம் என்பதால் படுவான்கரை. இதைவிட அழகாகத் திசையைப் பெயராக்க முடியுமா என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஆனால் பாடசாலைகள், கந்தோர்கள் என்னும் அலுவலகங்கள், வைத்தியசாலை, கடைத்தெரு எல்லாம் எழுவான்கரையிலேயே பெருகியதால், ‘படுவான்கரையான்’ என்ற வெறும் இடப்பெயர் காலப்போக்கில் ஒரு பட்டமாகவும் மாறிவிட்டது. 

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளை. 1970களின் பிற்பகுதியில் டவுனில் ஒரு பெரிய பாடசாலையில் இடம் கிடைத்து, விடியப் புறத்தில் சைக்கிளில் மண்முனைத் துறைக்கு வந்து, பாதையில் ஏறி வாவியைக் கடந்து, அக்கரையில் பஸ் பிடித்துப் போவேன். பாதை என்றால் வெளியூரார் தெரு என்று நினைப்பார்கள். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்குத்தான் எங்கள் ஊரில் பாதை என்று பெயர். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கப்படும்வரை அதுதான் எங்கள் வழி. முதல் நாள் அம்மா தலைக்கு நல்லெண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து, சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டி, புத்தகங்களைத் தண்ணீர் படாமல் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தா. வகுப்பில் இருந்த பையன்கள் நீண்ட முடியும் அகன்ற பெல்பொட்டமுமாக இருந்தார்கள். ஆசிரியர் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டதற்கு நான் ஊர்ப்பெயரைச் சொன்னதும், பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன், ‘சேர், படுவான்கரை, பட்டியோட வந்திருக்கிறான்’ என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது; ஆசிரியரும் சிரித்தார். அன்று திரும்பி வரும்போது பாதையிலேயே கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டேன். வீட்டு வாசலில் ஏறுமுன் மறுபடி பூட்டிக்கொண்டேன், அம்மா பார்த்துவிடக் கூடாது என்று.

அவன் சொன்ன அந்தப் ‘பட்டி’ என்ற சொல்லைப் பற்றி நான் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். பட்டிக்காடு என்பதில் வரும் பட்டிக்குச் சிற்றூர் என்றும் மாடு அடைக்கும் இடம் என்றும் பொருள் உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் அந்த இரண்டாம் பொருள் மறந்துபோயிருக்கலாம். எங்களுக்கு அது அன்றாடச் சொல். மாட்டுக்கூட்டமும் பட்டிதான், அதை அடைக்கும் இடமும் பட்டிதான். தைப்பொங்கலுக்கு மறுநாளை இந்தியாவில் மாட்டுப்பொங்கல் என்பார்கள். நாங்கள் பட்டிப்பொங்கல் என்கிறோம். என் பெரியப்பாவிடம் நூற்றுக்கு மேற்பட்ட மாடுகள் நின்றன. ‘பெரிய பட்டிக்காரன்’ என்றால் எங்கள் ஊரில் பணக்காரன் என்று பொருள். பெண் கொடுப்பவர்கள் விசாரிக்கும் முதல் செய்தி அது. டவுனில் விருந்தாளிக்கு முன் பெருமையாக வைக்கிற எருமைத் தயிர்ச் சட்டி அந்தப் பட்டிகளிலிருந்துதான் அதே பாதையில் ஏறி எழுவான்கரைக்குப் போனது. வகுப்பில் சிரித்தவனுடைய வீட்டுக்கும் அது போயிருக்கக்கூடும்.

பேச்சு மொழியிலும் இதே கதைதான். ‘பிறகு’ என்பதற்கு நாங்கள் ‘மறுகா’ என்போம். மறுகால் என்ற சொல்லின் தேய்வு அது. ‘மறுகா வாறன் மனே’ என்று ஊரில் ஒரு கிழவி சொன்னால் அதில் மறுகாலும் மகனே என்ற விளியும் இருக்கின்றன. வெளியூரிலும் டவுனிலும் இதைச் சொல்லிச் சிரித்தவர்களை நான் கண்டிருக்கிறேன். செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1966இல் எழுதிய கட்டுரையில், தமிழின் எல்லாப் பேச்சு வழக்குகளுக்குள்ளும் இலக்கியத் தமிழுக்கு மிக நெருக்கமாக இருப்பது மட்டக்களப்பு வழக்கே என்றும், மிகப் பழைய கூறுகள் சிலவற்றை அது காத்து வைத்திருக்கிறது என்றும் குறிப்பிட்டார். நான் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் அதை அறிந்தபோது, பாதையில் கழற்றிய பொத்தான்தான் நினைவுக்கு வந்தது.

காட்டான் என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தனியாக நின்றால் அது முரடன், நடக்கத் தெரியாதவன் என்ற அளவில் ஒழியும். ஆனால் இலங்கையில் அதன் முன்னே தோட்டத்தைச் சேர்த்து மலையகத் தமிழரைச் சுட்டும் ஒரு சொல் இருக்கிறது. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து கிழக்குக்கும் வன்னிக்கும் வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள், அதுவும் தமிழ் வாய்களிலிருந்து. அது பாணி தெரியாதவரைக் குறிக்கும் கேலி அன்று. பிறப்பைச் சுட்டும் இழிசொல். வட்டார வழக்கைக் காட்டுவதாக எண்ணி மொழிபெயர்ப்பில் எந்த வேடிக்கைக்காகவும் அதைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

இடத்தை அளவுகோலாகக் கொண்ட இந்தச் சொற்களை எல்லாம் ஒதுக்கிவிட்டால், காலத்தை அளவுகோலாகக் கொண்டவை மிஞ்சுகின்றன. உங்களுக்குத் தேவையானது அங்கேதான் இருக்கிறது.

அவற்றுள் எனக்கு மிகப் பிடித்தது பழம்பஞ்சாங்கம். பஞ்சாங்கம் என்பது திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் ஐந்து உறுப்புகளையும் நாள்தோறும் கணித்துத் தரும் நூல். அது இல்லாமல் எங்கள் ஊரில் விதைப்பும் இல்லை, வீடு குடிபுகுதலும் இல்லை. சித்திரை பிறக்கும்போது வாக்கிய பஞ்சாங்கப்படி இத்தனை மணிக்கு, திருக்கணித பஞ்சாங்கப்படி இத்தனை மணிக்கு என்று பத்திரிகைகள் இரண்டு நேரத்தையும் போடும். எங்கள் வீட்டில் எந்த நேரத்துக்குத் தலையில் மருத்துநீர் (புத்தாண்டு நீராட்டுக்கான மூலிகை நீர்) வைப்பது என்று அப்பாவும் பெரியப்பாவும் ஒவ்வொரு வருடமும் வாதாடுவார்கள். அவ்வளவு மதிப்புள்ள நூல், வருடம் முடிந்த மறுநாள் ஒன்றுக்கும் உதவாது. அதில் எழுதியது எதுவும் பொய்யாகிவிடவில்லை. எழுதிய நாட்கள் போய்விட்டன. ஒரு மனிதரைப் பழம்பஞ்சாங்கம் என்னும்போது, அவர் சொல்வது தவறு என்று நாம் சொல்வதில்லை. ஒழுங்கான கணக்குத்தான், ஆனால் இந்த வருடத்துக்கானது அன்று என்றுதான் சொல்கிறோம். உங்கள் கதைத் தகப்பனுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள்.

பத்தாம்பசலி என்ற சொல்லும் ஏறக்குறைய இதே எண்ணத்திலிருந்து பிறந்ததுதான். பசலி என்பது அறுவடைப் பருவத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்து, முகலாயர் ஆட்சியில் நிலவரி ஆண்டாகி, தமிழ்நாட்டு வருவாய்க் கணக்குகளில் இன்றும் நிற்கிறது. அங்கே அந்த ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். 2023 ஜூலையில் தொடங்கியது 1433ஆம் பசலி. என்றோ முடிந்துபோன வரியாண்டின் கணக்கிலேயே நிற்பவர் பத்தாம்பசலி. சொல் சுவையானது, ஆனால் இலங்கையில் பசலிக் கணக்கு வழங்கியதில்லை. இந்திய வார இதழ்களை வாசித்துத்தான் அச்சொல் எங்களுக்கு அறிமுகமானது. வாசித்தால் விளங்கும், ஊர்ச் சந்தியில் நின்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கர்நாடகம் என்பதும் அவ்வாறே. ‘சுத்தக் கர்நாடகம்’ என்றால் பழைய பாணிக்காரர் என்பது தமிழ்நாட்டுப் பழைய வழக்கு. எங்கள் பிள்ளைகளுக்கு அது சங்கீதத்தை மட்டுமே நினைவூட்டும்.

மூன்றாவது அளவுகோல் ஆசாரம். மடிசஞ்சி என்பது மடித் துணி வைக்கும் பை. தமிழ்நாட்டுப் பிராமணர் வீட்டுப் பேச்சிலிருந்து வந்தது, எங்கள் மண்ணில் வேர் கொள்ளவில்லை. கட்டுப்பெட்டி பரவலாக விளங்கும். ஆனால் அதைப் பெரும்பாலும் பெண்கள் மேல்தான் எறிகிறார்கள், வெளி உலகம் பாராமல் பெட்டிக்குள் வைத்துக் கட்டியது போல வளர்ந்தவள் என்று. கட்டி வைத்தவர்களை விட்டுவிட்டுக் கட்டப்பட்டவளைக் குறை சொல்கிற அந்தச் சொல்லை நான் விரும்புவதில்லை.

வடக்கிலும் கிழக்கிலும் உண்மையாகவே புழங்குகிற ஒன்று சைவப்பழம். நெற்றி நிறையத் திருநீறும், வெள்ளிக்கிழமை விரதமும், மச்சம் (மீன், இறைச்சி) தொடாத வாயும், எட்டு முழ வேட்டியுமாக இருப்பவரை அப்படிச் சொல்வார்கள். வயதானவர் ஒருவரைச் சொன்னால் அது மரியாதை. பழுத்த சைவர் என்று பொருள். இருபது வயதுப் பையனைச் சொன்னால், ‘அவன் சைவப்பழம், அவனப் படத்துக்குக் கூப்பிடாத’ என்று சிரிப்பு வந்துவிடும். ஒரே சொல் வயதைப் பார்த்து நிறம் மாறுவதைக் கவனியுங்கள். கதைத் தகப்பன் கிறிஸ்தவர் என்பதால் உங்களுக்கு இது உதவாது.

அமெரிக்கத் தகப்பனுக்கு நம் சமூகத்தில் மிக நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டால், பழைய காலத்து அரசாங்க உத்தியோகத்தரைத்தான் சொல்வேன். ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்’ என்பது இலங்கைத் தமிழரிடம் வழங்கும் பழமொழி. கவர்ன்மென்ட் என்பது நம் வாயில் கோறணமேந்து ஆகியது. வெள்ளை நீளக் காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை, கையில் குடை, மாதக் கடைசியில் கொப்பியில் செலவுக் கணக்கு என்று நேர்கோட்டில் வாழ்ந்து ஓய்வூதியம் பெற்ற அந்த மனிதரைச் சந்தியில் நின்ற பொடியன்கள் ‘கோறணமேந்து போகுது’ என்று சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். கீழே நின்றவன் மேலே பார்த்து எறிந்த சொல்லாக எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சரியான எடுத்துக்காட்டு அதுதான்.

அந்தப் ‘போகுது’ என்ற வினைமுற்றைத் தவறவிடாதீர்கள். ஒருவரைப் பாணி போனவராகக் காட்டுவதற்குத் தமிழில் தனிச் சொல்லே தேவையில்லை. உயர்திணையிலிருந்து அஃறிணைக்கு இறக்கினால் போதும். பழைய ஆக்கள் என்றால் மரியாதை. பழசுகள் என்றால் கேலி. பெரியவர் மதிப்புக்குரியவர், பெரிசு சந்திப் பேச்சு. கிழவரும் கிழடும் இப்படித்தான். இந்த வழக்கை இலக்கணக்காரர் குற்றமென்று தள்ளிவிடவில்லை. ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே’ என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. மகிழ்ச்சியிலும் இழிவிலும் ஒரே மாற்றம் நிகழலாம் என்று பவணந்தியார் ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்தது எவ்வளவு கூர்மையான கவனிப்பு! ‘அது பாவம், பழைய மனிசன்’ என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லும்போது அதில் இழிவு இல்லை, இரக்கம் மட்டுமே இருக்கிறது. உங்கள் பையன் தகப்பனைப் பற்றிப் பேசும் இடங்களில் ‘அப்பா வந்திட்டார்’ என்பதா, ‘அப்பா வந்திட்டுது’ என்பதா என்று நீங்கள் எடுக்கும் முடிவு, எந்தப் பெயர்ச்சொல்லைத் தேர்ந்தாலும் அதைவிட அதிகமாக அவன் மனநிலையைக் காட்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு கோபத்திலும் அப்பாவை ‘வந்திட்டுது’ என்று சொல்லாது. நண்பர்களிடம் பெருமை பேசும் அந்த ஒரு காட்சியில் மட்டும் சொல்ல வைக்கலாம்.

இன்றைய பிள்ளைகள் ‘பூமர்’ என்கிறார்கள். 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் பிறப்பு பெருகிய காலத்துத் தலைமுறையின் பெயர் அது. 2019இல் இணையத்தில் கேலிச்சொல்லாகப் பரவி, தமிழ்நாட்டு மீம்களின் வழியாக எங்கள் பிள்ளைகளின் கைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் ரியூசன் வகுப்பு வாசலில் நின்றால், முப்பது வயது ஆசிரியரையே ‘பூமர் அங்கிள்’ என்று சொல்லும் குரல் கேட்கும். பிறந்த ஆண்டோடு அதற்கு இருந்த தொடர்பு முற்றாக அறுந்துவிட்டது. 1950களில் நடக்கும் கதைக்கு அது ஒவ்வாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பையனே பின்னாளில் பூமர் என்று அழைக்கப்பட்ட தலைமுறைக்குச் சற்று மூத்தவனாக இருந்திருப்பான்.

இனி உங்கள் வரிக்கு வருவோம். பையன் சொல்லும் இடத்துக்குப் பழம்பஞ்சாங்கம் என்பதே என் தெரிவு. வயதுக்கு ஏற்ற சொல், கொஞ்சம் செல்லமும் கலந்தது, யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் சென்னையிலும் ஒரே போல விளங்கும். அமெரிக்கப் பையன் வாயில் பஞ்சாங்கம் வருவது உறுத்தாதா என்று நீங்கள் கேட்கலாம். தமிழ் வாசகர் அந்தச் சொல்லில் திதியையும் நட்சத்திரத்தையும் காண்பதில்லை, பழைய மனிதரை மட்டுமே காண்கிறார்; அந்த அளவுக்கு அது உருத்தேய்ந்த சொல்.

சிக்கல் தாயின் வாயில் அதே சொல் திரும்பி வரும் இடத்தில்தான். ‘ஆம், உன் அப்பா ஸ்குவேர்தான், அவர் எவருக்கும் ஒரு சதம் கடன் வைத்ததில்லை’ என்ற கருத்தில் அவள் சொல்கிறாள். பாணி தெரியாதவர், நேர்மையானவர் என்ற இரண்டு பொருளையும் ஒரே சொல் தாங்க வேண்டும். பழம்பஞ்சாங்கத்தால் அது முடியாது. இங்கே தச்சுத் தொழிலின் சொல் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். இரு சட்டங்கள் சரியாகச் செங்கோணத்தில் பொருந்துகின்றனவா என்று பார்க்கத் தச்சர் வைக்கும் கருவி மூலைமட்டம். எங்கள் வீட்டு நிலைக்கதவைச் செய்த ஓடாவியார், மூலைமட்டத்தை வைத்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்து, ஒரு நூல் பிசகியிருந்தாலும் மறுபடி சீவுவார். பக்கத்தில் நின்ற எங்களுக்குப் பொறுமை போய்விடும். மட்டம் என்ற சொல்லின் வாழ்க்கையும் ‘ஸ்குவேர்’ போலத்தான்: ஏற்ற இறக்கம் இல்லாத சமநிலையைக் குறித்த நல்ல சொல், ‘மட்டமான சாமான்’ என்னும்போது தாழ்ந்துவிட்டது. மட்டமான களப்பு என்பதால் மட்டக்களப்பு என்று எங்கள் ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கத்திலும் அதன் பழைய நல்ல பொருள்தான் இருக்கிறது.

ஆகவே முதற் காட்சியில் பையன், ‘எங்கட அப்பா ஒரு பழம்பஞ்சாங்கம், மூலைமட்டம் வைத்துச் செய்த மனிசன்’ என்று சொல்லட்டும். விறைப்பும் வளையாமையும் அதிலேயே வந்துவிடும். இறுதிக் காட்சியில் தாய் பஞ்சாங்கத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்: ‘ஓம், மூலைமட்டம் வைத்துச் செய்த மனிசன்தான். அதாலதான் இந்த ஊரில அவருக்கு முன்னால ஒருத்தரும் கடன் கொப்பியத் திறக்கிறதில்ல.’ வட்டார வழக்கு அதிகமாகத் தெரிந்தால் ‘எங்கட’, ‘அதாலதான்’ என்பவற்றை உங்கள் மொழிபெயர்ப்பு நடைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். மூலைமட்டத்தை மட்டும் இரண்டு இடத்திலும் அப்படியே விட்டுவிடுங்கள்.